வகுப்பில் காட்டிய படம்

கோர்ட்டில் ஒரு புத்தகத்தையோ படத்தையோ பற்றித் தீர்ப்புச் சொன்னால் அதை யாரும் விமர்சனம் என்று எடுத்துக்கொள்வதில்லை. அது நியாயம்தான். ஆபாசம் இருக்கிறதா, அவதூறு இருக்கிறதா, பிறர் எழுத்தைத் திருடியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் கோர்ட்டின் வேலை. நூல் எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்வது அல்ல. ஆனால் 2007-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி லண்டன் ஹைகோர்ட்டில் நீதிபதி மைக்கேல் பர்ட்டன் அளித்த தீர்ப்பு ஒன்றை நான் ஒரு விமர்சனக் கட்டுரையாகவே படித்தேன். ஒரு படைப்பு எந்த இடத்தில் உண்மையாக இருக்கிறது, எந்த இடத்தில் உண்மையை விட்டு நழுவுகிறது என்று காட்சி காட்சியாகப் பார்த்துச் சொல்கிற பொறுமை அதில் இருக்கிறது. நம் பத்திரிகைகளில் மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பொறுமையில் கால் பங்கு இருந்தால்கூடப் போதும்.

வழக்கின் விவரம் இதுதான். 2006-ல் அமெரிக்காவில் 'ஆன் இன்கன்வீனியண்ட் ட்ரூத்' என்று ஒரு படம் வந்தது. தமிழில் 'சங்கடமான உண்மை' என்று சொல்லிக்கொள்ளலாம். டேவிஸ் குகன்ஹைம் டைரக்ட் செய்தது. படம் என்றால் கதை இல்லை; எட்டு வருஷம் அமெரிக்காவின் உப ஜனாதிபதியாக இருந்து, 2000-ம் வருஷத் தேர்தலில் தோற்றுப்போன அல் கோர் ஒரு மேடையில் நின்றுகொண்டு பூமி சூடாகி வருவதைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். பின்னால் பெரிய திரையில் படங்களும் வரைபடங்களும் வந்து போகின்றன. இதை ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. 2007-ல் பிரிட்டிஷ் சர்க்கார் இந்தப் படத்தின் பிரதிகளை இங்கிலாந்தின் சர்க்கார் உயர்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அனுப்பத் தீர்மானித்தது. ஒரு தகப்பனார் ஆட்சேபித்தார். இது பாடம் இல்லை, அரசியல் பிரசாரம் என்பது அவர் கட்சி. 1996-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்தில், ஒரு கட்சி சார்ந்த அரசியல் கருத்துக்களைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரப்பக் கூடாது என்று ஒரு பிரிவும், அரசியல் விவகாரங்களை எடுத்துச் சொன்னால் இரு தரப்பையும் சமநிலையோடு சொல்ல வேண்டும் என்று அடுத்த பிரிவும் இருக்கின்றன. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு அவர் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதி படத்தைத் தள்ளிவிடவில்லை. அதன் அடிப்படையான நான்கு கூற்றுக்கள் ஏராளமான ஆராய்ச்சிகளின் பலம் உள்ளவை என்று ஒப்புக்கொண்டார். சென்ற அரை நூற்றாண்டாகப் பூமியின் சராசரி வெப்பம் ஏறி வருகிறது. மனிதன் வெளியே விடுகிற கரியமில வாயு முதலியவைதான் இதற்கு முக்கியமான காரணம். தடுக்காவிட்டால் பெரிய தீங்குகள் வரும். தடுப்பதற்குத் தனி மனிதர்களாலும் சர்க்கார்களாலும் செய்யக்கூடியவை உண்டு. இந்த நான்கையும் ஏற்றுக்கொண்டு, அப்புறம் படத்தில் ஒன்பது இடங்களைச் சுட்டிக்காட்டி, இவை விஞ்ஞானிகளின் பொதுக் கருத்தை விட்டு விலகியவை என்றார். உபாத்தியாயர்களுக்கான வழிகாட்டிக் குறிப்புக்களோடு காட்டினால் படத்தை வகுப்பில் காட்டலாம் என்று முடித்தார். இரண்டு நாள் கழித்து, 12-ந் தேதி, அல் கோருக்கும் பருவநிலை பற்றிய சர்வதேச விஞ்ஞானிகள் குழுவுக்கும் சேர்த்து அந்த வருஷத்துச் சமாதான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பத்திரிகைக்காரர்களுக்கு இரட்டை விருந்து. 'ஒன்பது பொய்' என்று ஒரு கட்சியும், 'நோபல்' என்று இன்னொரு கட்சியும் கூவிக்கொண்டிருந்ததில் தீர்ப்பை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஒன்பது இடங்கள் எவை என்று பார்த்தால், கதை எழுதுகிறவனுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அவற்றில் பல, தகவல் பிழை என்பதைக் காட்டிலும் காலப் பிழைதான். இலக்கண ஆசிரியர் சொல்கிற அர்த்தத்திலேயே சொல்கிறேன். படத்தில் கிரீன்லாந்துப் பனியோ மேற்கு அண்டார்டிகாப் பனியோ உருகினால் என்ன ஆகும் என்று காட்டுகிறார்கள். ப்ளோரிடா மறைகிறது. ஹாலந்து மறைகிறது. ஷாங்காய், கல்கத்தா, கடைசியில் நியூயார்க் என்று ஒவ்வொரு வரைபடமாக நீலம் பரவிக்கொண்டு போகிறது. கடல் சுமார் ஏழு மீட்டர் உயர்ந்தால் இப்படி ஆகும் என்பது சரியான கணக்குத்தான். ஆனால் எப்போது? அதைப் படம் சொல்வதில்லை. அப்படி உருகுவது ஆயிரக்கணக்கான வருஷங்களில் நடக்கக்கூடியது என்பதுதான் விஞ்ஞானிகளின் கருத்து என்று நீதிபதி குறித்தார். 2021-ல் வெளிவந்த சர்வதேசக் குழுவின் அறிக்கை, இந்த நூற்றாண்டின் முடிவில் கடல் மட்டம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உயரலாம் என்கிறது. நாம் எவ்வளவு வாயுவை விடுகிறோம் என்பதைப் பொறுத்த கணக்கு அது. ஒரு மீட்டரே தாழ்ந்த கரைகளில் வாழும் கோடிக்கணக்கான ஜனங்களுக்குப் பெரும் விபரீதம். படத்துக்கு அது போதவில்லை. எதிர்காலத்தில் நடக்கக்கூடியதை நிகழ்காலத்தில் ஓடவிட்டால்தான் ஜனங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பசிபிக் சமுத்திரத் தீவுகளைப் பற்றிய வாசகமும் இதே ஜாதிதான். ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு நியூஜிலாந்துக்குப் போய்விட்டார்கள் என்று இறந்தகாலத்தில் சொல்லிவிடுகிறார் கோர். அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை என்றார் நீதிபதி. பனிக்கரடிகளின் விஷயம் கொஞ்சம் பரிதாபமானது. தங்குவதற்குப் பனிக்கட்டி தேடி நீந்தி நீந்தி மூழ்கிப்போன கரடிகள் என்று படம் சொல்கிறது. ஒரு சித்திரக் கரடி உடைந்த பனித்துண்டின் மேல் ஏறப் பார்த்துச் சறுக்கி விழுகிற காட்சியைப் பார்த்துக் கண்ணீர் விடாத குழந்தை இருக்காது. கோர்ட்டில் காட்டப்பட்ட ஆராய்ச்சியில் இருந்தவை நான்கு கரடிகள். ஒரு புயலில் அகப்பட்டு மூழ்கியவை. பனி குறைந்தால் கரடிகளுக்கு ஆபத்து என்பது பொய்யாகிவிடாது. ஆனால் நான்கு கரடிகளை ஒரு இனமாக்கிவிடுகிற வித்தை கதாசிரியனுக்குச் சொந்தமானது. அவன் அதைக் கதை என்று சொல்லிக்கொண்டு செய்கிறான்.

இந்தச் சந்தர்ப்பத்தில் ரேச்சல் கார்ஸனை நினைத்துக்கொள்வது நல்லது. 1962-ல் வந்த 'ஸைலண்ட் ஸ்ப்ரிங்' பூச்சி மருந்துகளைப் பற்றிய புத்தகம். முதல் அத்தியாயமே ஒரு கட்டுக்கதை. பறவைகளின் குரல் அடங்கிப்போன ஒரு ஊரின் கதை. அத்தியாயம் முடிவதற்குள்ளேயே ஆசிரியை, இப்படி ஒரு ஊர் கிடையாது என்று சொல்லிவிடுகிறார். ஆனால் இந்த விபத்துக்கள் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் நடந்திருக்கிறது என்றும் சொல்கிறார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. விஞ்ஞானப் புத்தகத்தில் கட்டுக்கதைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த அத்தியாயம் கோரின் நீல வரைபடங்களைவிட நூறு மடங்கு நேர்மையானது. கதை என்று தெரிந்து கேட்கிற கதை குழந்தையை ஏமாற்றுவதில்லை. கதை எது, செய்தி எது என்று தெரியாமல் கலந்து கொடுக்கும்போதுதான், பின்னால் கலப்படம் தெரிந்ததும் செய்தியையும் சேர்த்துத் துப்பிவிடத் தோன்றுகிறது.

நீதிபதியிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் நம்பிய 'சமநிலை' என்ற தராசு அவ்வளவு ஸ்திரமானது அல்ல. பவளப் பாறைகள் வெளுத்துப்போவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தினால் வந்ததை, அதிகமாக மீன் பிடிப்பதாலும் தண்ணீர் மாசடைவதாலும் வந்ததிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம் என்று அதையும் ஒன்பதில் ஒன்றாகச் சேர்த்தார். அப்புறம் 2016-லும், 2017-லும், 2020-லும், 2022-லும், 2024-லும் ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத் திட்டு கூட்டம் கூட்டமாக வெளுத்தது. 2024 ஏப்ரலில், உலகம் முழுவதையும் தழுவிய வெளுப்பு இது நான்காவது என்று அறிவித்தார்கள். கடல் சூடானதுதான் காரணம் என்பதில் இன்று விவாதம் இல்லை. 2007-ம் வருஷத்து வழிகாட்டிக் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற உபாத்தியாயர் ஒருவர் இருந்தால், அவர் சமநிலை என்ற பெயரில் பழைய செய்தியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

தத்துவக்காரர்கள் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. இங்கிலாந்தில் ஆர். எப். டியர்டன் என்ற கல்வித் தத்துவ அறிஞர் 1981-ல் ஒரு அளவுகோலைக் கொடுத்தார். எந்த விஷயத்தை வகுப்பில் 'விவாதத்துக்கு உரியது' என்று வைக்கலாம்? நாலு பேர் சண்டை போடுகிறார்கள் என்பதனாலேயே ஒன்று விவாதத்துக்கு உரியதாகிவிடாது. எதிரெதிரான இரண்டு அபிப்பிராயங்களையும் அறிவுக்கு விரோதமில்லாமல் வைத்துக்கொள்ள முடியுமானால்தான் அது விவாதத்துக்கு உரியது என்றார். மைக்கேல் ஹாண்ட் என்பவர் பின்னால் 2008-ல் இதையே எடுத்துக்கொண்டு வாதாடினார். நல்ல அளவுகோல்தான். பூமி சூடாகிறதா, அதற்கு மனிதன் காரணமா என்ற கேள்வி இந்த அளவுகோலின்படி விவாதத்துக்கு உரியது அல்ல. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று டிண்டால் 1859-லேயே பரிசோதனைச் சாலையில் அளந்து பார்த்துவிட்டார். அந்த வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் 1896-ல் கையாலேயே கணக்குப் போட்டார். இதற்கு இரண்டு கட்சி வைத்துப் பட்டிமன்றம் நடத்துவது, பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் பட்டிமன்றம் நடத்துவது போல.

ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. நீதிபதி ஒப்புக்கொண்ட நான்கு கூற்றுக்களைத் திரும்பப் பாருங்கள். மூன்று, உள்ளதையும் வரப்போவதையும் சொல்கின்றன. நாலாவது, செய்ய முடியும் என்கிறது. செய்ய வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. யார் செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்பது அதற்கும் அப்பால். டியர்டனின் அளவுகோல் இந்த எல்லைவரை வந்து நின்றுவிடுகிறது. இதற்கு மேலே போனால் அரசியல், அங்கே நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையை உதறிவிடுகிறது. இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்துக்கு இது சரியாக இருக்கலாம். நமக்கு முதல் கேள்வியே அங்கேதான் இருக்கிறது.

1991-ல் டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார்கள். அமெரிக்க ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்று, எந்த தேசம் எவ்வளவு வாயுவை விடுகிறது என்று பட்டியல் போட்டு, இந்தியாவையும் பெரிய குற்றவாளிகளின் வரிசையில் உட்கார வைத்திருந்தது. அதற்குப் பதில் இது. பிழைப்பதற்காக விடும் புகையும் சொகுசுக்காக விடும் புகையும் ஒன்றா என்று கேட்டார்கள். நெல் வயலில் தேங்கிய நீரிலிருந்து வரும் மீத்தேனையும், ஆளுக்கு ஒரு மோட்டார் கார் விடும் புகையையும் ஒரே படியில் அளக்கலாமா என்று கேட்டார்கள். கோரின் படத்தில் கடைசியில் எழுத்து ஓடும்போது, சிக்கனமான மின்சாரச் சாதனம் வாங்குங்கள், மரம் நடுங்கள் என்று புத்திமதி வருகிறது. அதை ஒரு நெல் விவசாயியின் பெண் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் என்ன நினைப்பாள்? தன் அப்பா குற்றவாளி என்றா? அப்படி நினைத்தால், உண்மையான தகவல் ஒன்றிலிருந்து அவள் ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டாள் என்று ஆகும். சமநிலை வேண்டும் என்றால் இந்த இடத்தில்தான் வேண்டும். விஞ்ஞானத்தில் இரண்டு கட்சி தேடுகிறவர்கள் நியாயத்தில் இரண்டு கட்சி இருப்பதைக் கவனிப்பதில்லை.

அதே 1991-ம் வருஷம் நவம்பரில் நம் சுப்ரீம் கோர்ட், எம். சி. மேத்தா என்ற வக்கீல் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சொன்னது. சினிமாக் கொட்டகைகளில் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது இரண்டு ஸ்லைடாவது இது சம்பந்தமாக இலவசமாகக் காட்ட வேண்டும் என்றும் உத்தரவு. ஒரு தேசத்துக் கோர்ட், கற்பிக்கிறவரைப் பார்த்து நிதானம் என்றது. இன்னொரு தேசத்துக் கோர்ட், ஏன் இன்னும் கற்பிக்கவில்லை என்று கேட்டது. ஆனால் உத்தரவினால் பாடப் புத்தகத்தில் அத்தியாயம் வரும். அத்தியாயத்திலிருந்து ஐந்து மார்க் கேள்வி வரும். ஸ்லைடு ஓடுகிற நேரத்தில் ஜனங்கள் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இனி, பயத்தைப் பற்றி. இந்தப் பாடத்தைக் கற்பிப்பதில் உள்ள உண்மையான சிக்கல் தகவலில் இல்லை, பயத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குழந்தையைப் பயமுறுத்தலாமா? பயமுறுத்தாமல் இதைச் சொல்ல முடியுமா?

பயத்துக்கு வக்காலத்து வாங்கிய பெரிய தத்துவ ஞானி ஹான்ஸ் யோனாஸ். 1903-ல் ஜெர்மனியில் பிறந்த யூதர். மார்பர்க் சர்வகலாசாலையில் ஹைடெக்கரின் மாணவர். ஹிட்லர் வந்ததும் 1933-ல் நாட்டை விட்டு வெளியேறினார். திரும்பினால் ஜெயித்த பட்டாளத்தின் சிப்பாயாகத்தான் திரும்புவேன் என்று சபதம் செய்து, அப்படியே 1945-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் யூதப் படையோடு திரும்பினார். தாயார் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். இப்படிப்பட்ட மனிதர் 1979-ல், பொறுப்பு என்பதையே ஒரு மூலதர்மமாக வைத்து எழுதிய ஜெர்மன் புத்தகத்தில், பயத்துக்கு மரியாதையான ஓர் ஆசனம் கொடுத்தார். மனிதனுடைய யந்திர சக்தி எவ்வளவோ தலைமுறைகளைப் பாதிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதன் விளைவை முன்கூட்டி அறிய நம் அறிவு போதாது. ஆகையால் நல்லது நடக்கும் என்ற ஜோசியத்தைவிடக் கெட்டது நடக்கும் என்ற ஜோசியத்துக்கே காது கொடுக்க வேண்டும். எதை இழக்கப் பயப்படுகிறோமோ அதிலிருந்துதான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்கிறோம். இதுதான் அவர் வாதம். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்கலாம். ஆனால் கனமான வாதம்.

கோரின் படம் யோனாஸைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்றாலும், வகுப்பறையில் பயத்தை மூட்டுவதற்குத் தத்துவ ஆதாரம் தேடுகிறவர்கள் அவரிடம்தான் போகிறார்கள். ஆனால் அவர்கள் புத்தகத்தின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. யோனாஸ் பொறுப்புக்கு எதை மூல உதாரணமாகக் காட்டுகிறார்? தொட்டிலில் கிடக்கும் பச்சைக் குழந்தையை. அது மூச்சு விடுவதே பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, என்னைக் கவனி என்று உத்தரவிடுவது போல இருக்கிறது என்கிறார். சக்தி எவனிடம் இருக்கிறதோ அவனிடம்தான் பொறுப்பு. பெற்றோரிடம், ராஜ்யத்தை நடத்துகிறவனிடம். அப்படியானால் அவர் சொன்ன பயம் யாருக்கு வரவேண்டிய பயம்? மந்திரிக்கு, முதலாளிக்கு, ஓட்டுப் போடுகிறவனுக்கு, உங்களுக்கும் எனக்கும். தொட்டிலில் இருப்பதற்கு அல்ல. அதைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் கொடுப்பது, வீட்டுக் கடனைக் காட்டிப் பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்கிற தகப்பனின் காரியம். பத்து தேசங்களில் 16 முதல் 25 வயதுக்கு உட்பட்ட 10,000 பேரைக் கேட்டு 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், 59 சதவிகிதம் பேர் பருவநிலையைப் பற்றி மிகவும் அல்லது அளவு கடந்து கவலைப்படுவதாகச் சொன்னார்கள். இந்தியாவும் அந்தப் பத்தில் ஒன்று. கடனைக் காட்டுகிற வேலை ஏற்கனவே நன்றாக நடந்திருக்கிறது.

யோனாஸுக்கு ஒரு சிநேகிதி. அதே மார்பர்க்கில் அதே ஹைடெக்கரிடம் படித்தவர், ஹன்னா ஆரெண்ட். அவரும் தப்பி ஓடி அமெரிக்கா சேர்ந்தவர். நடுவில் ஒரு புத்தகத்தின் விஷயமாக இருவருக்கும் மனஸ்தாபம் வந்து பேச்சு நின்றுபோய், பிறகு ராசியானார்கள். 1975-ல் அவர் இறந்தபோது யோனாஸ் இரங்கல் உரை சொன்னார். அந்த ஆரெண்ட் 1958-ல் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பருவநிலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் நான் படித்தவற்றில் மிகவும் பயனுள்ளது அதுதான். உபாத்தியாயர் யார்? உலகத்தின் பிரதிநிதி. இந்த உலகம் இப்படி இருக்கக் கூடாது என்று அவர் மனத்துக்குள் நினைத்தாலும் சரி, பிள்ளைக்கு எதிரில், இதுதான் நம் உலகம் என்று அதற்குப் பொறுப்பேற்று நிற்க வேண்டும். பெரியவர்கள் செய்யத் தவறியதைச் செய்து முடிக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் தயார் செய்வது கல்வி அல்ல. அது அவர்களிடமிருந்து அவர்களுடைய புதுமையையே பிடுங்கிக்கொள்வது. அரசியல் பெரியவர்களின் காரியம்.

இரண்டு சிநேகிதர்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எதிரெதிராகத் தோன்றியவர்கள் ஒரே வாசலில் வந்து நிற்பது தெரிகிறது. பயம் பெரியவர்களுக்கு, உலகம் பிள்ளைகளுக்கு. இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்திவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் ஆரெண்டின் கொள்கை ஒரு சமயம் பரீட்சைக்கு வந்து தோற்றுப்போயிருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1957-ல் அமெரிக்காவில் லிட்டில் ராக் என்ற ஊரில், வெள்ளையர் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் சேரப் போனபோது பெரிய கலவரம் நடந்தது. கூச்சலிடும் கூட்டத்துக்கு நடுவே பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் ஒரு சிறுமியின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, 1959-ல் ஆரெண்ட் ஒரு கட்டுரை எழுதினார். பெரியவர்கள் தீர்க்க வேண்டிய வழக்கைக் குழந்தையின் தலையில் ஏற்றிவிட்டார்களே என்று பெற்றோரைக் கண்டித்தார். கொள்கைப்படி சரி. அதற்குச் சரியான பதில் சொன்னவர் தத்துவ ஞானி அல்ல, ஒரு நாவலாசிரியர். 'இன்விஸிபிள் மேன்' எழுதிய ரால்ஃப் எலிஸன். அந்தப் பெற்றோருக்கு வேறு வழி இருந்ததாக நினைக்கிறீர்களா என்பதுபோல இருந்தது அவர் பதில். அந்தக் குழந்தை பிறந்ததே அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான். அதை எதிர்கொண்டு மனத்தை அடக்கிக்கொள்ளக் கற்பதைத் தவிர அவளுக்குப் பாதுகாப்பு என்று ஒன்று இல்லை. அது பெற்றோருக்குத் தெரியும் என்றார். 1965-ல் ஆரெண்ட் அவருக்குக் கடிதம் எழுதி, தாம் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். கொள்கை தெரிந்தவருக்குக் குடும்பம் தெரியவில்லை, நாவலாசிரியருக்குத் தெரிந்திருந்தது. என் தொழிலின் மேல் எனக்குள்ள பட்சபாதத்தினால் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் சந்தோஷத்தோடு சொல்கிறேன்.

2018 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் கிரெட்டா துன்பர்க் என்ற பதினைந்து வயதுப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பார்லிமெண்டு வாசலில் ஒரு அட்டையோடு உட்கார்ந்ததும், அடுத்த மார்ச்சில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்ததும் எலிஸன் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன. பிள்ளைகளை அரசியலிலிருந்து காப்பாற்றி வைப்போம் என்று பெரியவர்கள் சொல்லலாம். ஆனால் பிள்ளைகள் கேட்டது, நீங்கள் உங்கள் வேலையைச் செய்தீர்களா என்று. ஆரெண்டின் ஏற்பாட்டில் உபாத்தியாயர் உலகத்துக்குப் பொறுப்பேற்று நிற்கிறார். சரி, அவருக்குப் பின்னால் அந்தப் பொறுப்பை ஒருவரும் ஏற்காவிட்டால் அவர் நிற்பது வெறும் நாடகம். இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து எந்தத் தத்துவ நூலிலும் விடை இல்லை.

படத்துக்குத் திரும்புகிறேன். நான் இதுவரை சொன்னதைக் கொண்டு அது மோசமான படம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதில் இரண்டு இடங்கள் மிக நன்றாக இருக்கின்றன. நீதிபதியின் பட்டியலில் அவை வர வழியில்லை. வகுப்பில் காட்டுவதானால் நான் அவற்றைத்தான் காட்டுவேன்.

ஒன்று, கோரின் அக்காளைப் பற்றிய பகுதி. டென்னஸியில் கோர் குடும்பத்துக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. சிகரெட் புற்றுநோய் தரும் என்று அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்தியர் 1964-லேயே அறிக்கை விட்டாயிற்று. தோட்டத்தில் புகையிலை தொடர்ந்து வளர்ந்தது. சின்ன வயதிலேயே சிகரெட் பழகிய அக்காள் 1984-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தாள். அதற்கப்புறம்தான் தகப்பனார் புகையிலை பயிரிடுவதை நிறுத்தினார். கோர் இதைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். உண்மை தெரிந்திருந்தும் ஒரு நல்ல குடும்பம் அதன்படி நடக்க எத்தனை வருஷம் எடுத்துக்கொள்கிறது என்பதை இதைவிட நன்றாக எந்த வரைபடமும் காட்ட முடியாது. பயமும் இல்லை, பொய்யும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு சிறுகதை.

மற்றது, கோரின் வாத்தியார். 1960-களில் கோர் ஹார்வர்டில் படித்தபோது ரோஜர் ரெவெல் என்ற சமுத்திர விஞ்ஞானி அங்கே பாடம் நடத்தினார். ரெவெல் கலிபோர்னியாவில் இருந்தபோது சார்ல்ஸ் கீலிங் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தவர். கீலிங் 1958 முதல் ஹவாய் தீவில் மௌனா லோவா மலையின் மேல் ஒரு கருவியை வைத்துக் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்துகொண்டு வந்தார். ஆரம்பத்தில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. ரெவெல் வகுப்பில் காட்டியது அந்தச் சில வருஷத்து அளவைத்தான். ஒரு கோடு. வருஷத்தில் ஒரு முறை ஏறும், ஒரு முறை இறங்கும். வட பாகத்துக் காடுகளும் புல்லும் துளிர்க்கும்போது வாயுவை இழுத்துக்கொள்கின்றன, உதிரும்போது விட்டுவிடுகின்றன. மே மாதத்தில் உச்சம், செப்டம்பர் அக்டோபரில் தாழ்வு. பூமியே மூச்சு விடுவது போல. ஆனால் ஒவ்வொரு மூச்சும் முந்தியதைவிடச் சற்று மேலே போய் நிற்கிறது.

அந்தக் கோட்டைப் பார்த்த மாணவனுக்கு ஆச்சரியம் முதலில் வந்திருக்கும், கவலை அப்புறம் வந்திருக்கும். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. ரெவெல் கோட்டுக்கு அப்பால் போகவில்லை என்று சொல்ல முடியாது. இது இப்படியே போனால் எங்கே போகும் என்றும் சொன்னார். ஆனால் கோடு எங்கே முடிகிறது, தம் ஊகம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது கரும்பலகையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். கோர் தம் படத்தில் கரியமில வாயுவின் கோடு ஒன்றை ஒரு தூக்கு யந்திரத்தின் மேல் ஏறி நின்று காட்டுகிறார். ஜனங்கள் சிரிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள். வாத்தியார் சாக்பீஸால் செய்ததை மாணவர் யந்திரத்தால் செய்கிறார்.

கீலிங் 2005-ல், அந்தப் படம் வருவதற்கு முந்திய வருஷம், காலமானார். மகன் ரால்ஃப் கீலிங் அளப்பதைத் தொடர்ந்து நடத்தி வருகிறார். வாயுவின் அளவு 420 பங்கையும் தாண்டிவிட்டது. அந்தக் கோட்டை வகுப்பில் வரைவதற்கு வழிகாட்டிக் குறிப்பு ஒன்றும் தேவையில்லை. ஏன் வருஷா வருஷம் இறங்குகிறது என்று ஒரு பிள்ளை கேட்கும். அங்கே பாடத்தை ஆரம்பிக்கலாம்.